லானோ குத்தகைப் பணம் பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

டெக்சாஸ் லானோவில் உள்ள நம் இடத்தில் மான் வேட்டைக்கு, இந்த சீசனுக்குக் குத்தகை ஆளுக்கு 1,450 டாலர் என்று போன வாரம் தகவல் அனுப்பினேன். போன வருஷம் 1,200. ஒரே மூச்சில் 250 ஏறினால் யாரும் கேட்கத்தான் செய்வார்கள், கேட்டவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் "மற்ற இடத்தில் ஏக்கர் 15 டாலருக்குக் கிடைக்கிறது, இவர் நம்ம ஆட்களிடமே கொள்ளையடிக்கிறார்" என்று ஒரு வாட்ஸப் குழுவில் போய்க்கொண்டிருப்பதை ஹூஸ்டன் தம்பி ஒருவர் எடுத்து அனுப்பினார். 'நம்ம ஆட்களிடமே' என்ற அந்த வார்த்தையைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஏக்கர் கணக்கைப் பேசிவிடலாம். நான்கு பேர், 5,800 டாலர். நம் இடம் இப்போது 150 ஏக்கர் (வடக்கு வேலி ஓரத்து 30 ஏக்கர் மார்ச்சில் கைமாறிவிட்டது, அந்தப் பக்கம் நமக்கு பிளைண்ட், அதாவது மறைந்து உட்கார்ந்து சுடுகிற கூண்டு, எதுவும் இருந்ததில்லை). வகுத்தால் ஏக்கருக்கு 38 டாலர் சொச்சம். வகுத்தவர் சரியாகத்தான் வகுத்திருக்கிறார். அதே ஆள் சொல்கிற 15 டாலர் இடத்தைப் பற்றியும் விசாரித்தேன். மேற்கே, ஆயிரம் ஏக்கர், மொத்தமாகத்தான் கொடுப்பார்கள், 15,000 டாலர். பத்துப் பேர் சேர்ந்தால் தலைக்கு 1,500. அந்தப் பத்துப் பேரைச் சேர்ப்பது யார், நடுவில் ஒருவர் விலகினால் அவர் பங்கை யார் கட்டுவது? தண்ணீர், கரண்ட் கிடையாது, ஃபீடரும் (மானுக்குச் சோளம் இறைக்கிற கருவி) பிளைண்டும் நாமே வாங்கி வைக்க வேண்டும், ஹூஸ்டனிலிருந்து போக ஒரு பகல் முழுக்க வண்டி ஓட்ட வேண்டும். ஆளுக்கு நூறு ஏக்கர் கிடைக்கும் என்பது உண்மை, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஏக்கரையா சுடப் போகிறோம்? டெக்சாஸிலேயே மான் நெருக்கமாக இருக்கிற பகுதிகளில் லானோவும் ஒன்று. ஆகஸ்டில் நானும் என் மனைவியும் மூன்று சாயங்காலம் வண்டியில் மெதுவாகப் போய் எண்ணினோம்: 41, 38, 44.

சின்ன இடத்துக்கு உள்ள குறையும் உங்களுக்குத் தெரிந்ததுதான். மான் நம் வேலிக்குள் கட்டிக்கிடப்பதில்லை, பக்கத்துப் பண்ணையில் எத்தனை பேர் சுடுகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் நம் பக்கமும் இருக்கும். அதனால்தான் அரசு தருகிற வேட்டை உரிமத்தில் வெள்ளைவால் மானுக்கு ஐந்து டேக் (ஒரு மானுக்கு ஒரு சீட்டு) இருந்தாலும் நம் இடத்தில் ஆளுக்கு ஒரு கொம்புமான், இரண்டு பெட்டை என்று வைத்திருக்கிறேன். ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு மேல் உள்ளே விடுவதுமில்லை.

அப்புறம் செலவு. இன்சூரன்ஸ் 620-லிருந்து 1,140 ஆகிவிட்டது. நம் கேபினிலேயே தங்கி எல்லாம் பார்த்துக்கொண்ட பெரியவர் ஏப்ரலில் மகள் வீட்டோடு போய்விட்டார். அவர் இருந்தவரை ஃபீடர் காலியானது என்று நான் ஒரு நாளும் கேள்விப்பட்டதில்லை. இப்போது செப்டம்பர் பாதியிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை, 16 வாரம், வாரம் ஒருமுறை ஆள் போக 120 டாலர் கேட்கிறார்கள், அது மட்டும் 1,920. நான்கு ஃபீடருக்கும் சேர்த்து 50 பவுண்டு மக்காச்சோளம் ஐம்பத்தாறு மூட்டை ஆகிறது. பணம் வாங்கி வேட்டைக்கு விடுவதற்கு அரசுக்குக் கட்ட வேண்டிய உரிமக் கட்டணம் 79 டாலர், நம்மைப் போல 500 ஏக்கருக்குக் கீழே உள்ளவர்களுக்கு. இன்சூரன்ஸும் ஆள் கூலியும் மட்டுமே போன வருஷத்தைவிட 2,440 டாலர் கூடுதல். உங்களிடம் நான் கூட்டியது நால்வருக்கும் சேர்த்து 1,000. மீதி என் கையிலிருந்துதான் போகிறது.

சரி, 1,450 உங்களுக்குக் கட்டுமா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால் ஏக்கரை விட்டுவிட்டு நாட்களை எண்ணுங்கள். சீசன் நவம்பர் முதல் சனிக்கிழமை தொடங்கி ஜனவரி முதல் ஞாயிறு வரை. அதில் எட்டு வாரக்கடைசி வந்தால் 16 நாள், நாளுக்கு 90 டாலர் சொச்சம், அதில் கேபின், தண்ணீர், ஃபீடர், மான் உரிக்கிற கொட்டகை எல்லாம் அடக்கம். இரண்டு வாரக்கடைசிதான் வர முடியும் என்றால் தயவுசெய்து எடுக்காதீர்கள், நாளுக்கு 360 டாலருக்கு மேல் ஆகிவிடும். அப்படி இரண்டே வாரக்கடைசி வருகிறவர்களுக்கு, உரிமத்தோடு அரசின் 48 டாலர் பொது வேட்டை பெர்மிட் (பொது வேட்டை நிலங்களில் சுடுவதற்கானது) வாங்கினாலே போதும்.

புள்ளிமான் பற்றி மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். நம் ஊர்க் காட்டில் திரிகிற அதே புள்ளிமான்தான், 1932-ல் இங்கே கொண்டுவந்து விட்டது, வெளிநாட்டு இனம் என்பதால் சீசன் கிடையாது, வருஷம் முழுக்க சுடலாம். 2021 பிப்ரவரிக் குளிரில் நிறைய செத்துப்போய் இப்போதுதான் மறுபடி கண்ணில் படுகிறது. உங்கள் நாட்களில் எதிரே வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், தனிப் பணம் இல்லை. சீசன் முடிந்தபின் வருவதற்கு மட்டும் இந்தக் குத்தகையில் இடமில்லை.

2016-லிருந்து விடாமல் வருகிற இரண்டு குடும்பங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. போன டிசம்பரில் ஆஸ்டின் அண்ணன் மகளோடு கிழக்கு பிளைண்டில் உட்கார்ந்திருந்தேன். விடிகிற நேரம் ஃபீடர் சுழன்று சோளம் பாறையில் சடசடவென்று விழுந்தது. பெட்டைகள் நான்கு உடனே வந்துவிட்டன. கொம்பன் மட்டும் சீடர் மரத்தடியில் மூக்கை நீட்டிக்கொண்டு இருபது நிமிஷம் அசையாமல் நின்றது. அந்தப் பெண் மூச்சைக்கூடச் சத்தமாக விடவில்லை. கடைசியில் சுடவும் இல்லை, "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் அங்கிள்" என்றாள். இப்படிப்பட்டவர்கள் வருகிற இடத்துக்கு நான் நியாயம் இல்லாத விலை வைப்பேனா?

பழைய ஆட்களுக்கு ஆகஸ்ட் 31 வரை இடம் பிடித்து வைத்திருப்பேன். 400 டாலர் முன்பணம், மீதியை அக்டோபரில் இரண்டு தவணையாகத் தரலாம். முடியாதவர்கள் கூச்சப்படாமல் எனக்கு நேரடியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். வடக்கு கேட்டின் பழைய சாவி வைத்திருப்பவர்கள் வரும்போது கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
லானோவில் உங்களுக்குக் குத்தகைக்கு விடுபவர்