வாலப்பகடையின் மகள்கள் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாட்டுப்புறக் கதைப்பாடல்கள் குறித்துத் தங்கள் ஞாயிறு மலரில் வெளியான கட்டுரையில், பிராமணனான முத்துப்பட்டன் மணந்த பொம்மக்காவும் திம்மக்காவும் காட்டில் கண்டெடுத்து வளர்க்கப்பட்ட பிராமணக் குழந்தைகள் என்று, வேறு பாடமே, அதாவது வேறு கதை வடிவமே, இல்லாதது போல எழுதப்பட்டிருந்தது. பொதிகை அடிவாரத்தில் பிறந்து, சிறு வயது முதல் கோயில் கொடை விழாக்களில் இந்தக் கதையை வில்லுப்பாட்டாகக் கேட்டு வளர்ந்தவன் நான். இதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

அவ்விருவரும், இன்று அருந்ததியர் என வழங்கும் குலத்தைச் சேர்ந்த வாலப்பகடை பெற்ற மகள்களே என்று பாடும் பாடமும் உண்டு. (பகடை என்றதும் இக்காலத்து வாசகர் தாயக்காயை நினைக்கக்கூடும்; ஆனால், கட்டபொம்மன் வரலாற்றில் வரும் கந்தன் பகடையின் பெயரில் உள்ளது போல, அது அம்மக்களுக்கு நெல்லைச் சீமையில் வழங்கிய பட்டப்பெயர்.) 1971-இல் மதுரைப் பல்கலைக்கழக வெளியீடாக இக்கதையைப் பதிப்பித்த நா. வானமாமலை, பிராமணப் பிறப்புக் கதை பின்னாளில் சேர்க்கப்பட்டது என்றே கருதினார். கதைப்போக்கும் அதற்கே சான்று சொல்கிறது. பெண் கேட்டு நிற்கும் பட்டனிடம், குடுமியையும் பூணூலையும் அறுத்தெறிந்து, செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு வந்தால் பெண் தருகிறேன் என்கிறான் வாலப்பகடை; பட்டனும் அவ்வாறே வந்து நிற்கிறான். பெண்கள் பிராமணப் பிறப்பு என்பதை அறிந்தே வளர்த்தவன் இப்படியொரு நிபந்தனையை ஏன் விதிக்க வேண்டும்? பட்டன் குலத்தைத் துறந்ததற்குத்தான் பிறகு என்ன மதிப்பு? காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயன் என்னும் தெய்வமாக வணங்கப்படும் முத்துப்பட்டனுக்கு இன்றும் தோல்செருப்பைத்தான் நேர்ந்து கட்டுகிறார்கள். மறு ஆண்டு போய்ப் பார்த்தால், அவர் போட்டு நடந்ததுபோல அவை தேய்ந்திருக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

ஆயினும், பிற்காலத்துச் சேர்க்கை என்பதற்காகப் பிறப்புக் கதையை வெட்டி எறிந்துவிடக் கூடாது. இது பற்றி ஒருமுறை கொடை முடிந்தபின் வில்லுப்பாட்டுக் குழுவின் தலைமைப் பாடகரான அண்ணாவி ஒருவரிடம் கேட்டேன். “கேக்குற சனத்தப் பாத்துத்தான் தம்பி பாடணும்” என்றார். பல சாதியாரும் கும்பிடும் தெய்வத்தின் கதையில் இந்த மணத்தை மட்டும் ஏற்க முடியாதவர்கள் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதற்கும், அவர்களுக்கு முன்னால் கதையை நிறுத்தாமல் பாடி முடிக்கப் பாடகர்கள் என்ன வழி கண்டார்கள் என்பதற்கும் அந்தப் பிறப்புக் கதை வரிகளே சாட்சி.

ஆகவே, கதைப்பாடல் எதையும் தங்கள் இதழில் வெளியிடும்போது, அது ஏட்டிலிருந்து எடுக்கப்பட்டதா, வாய்மொழியாகப் பாடக் கேட்டதா, பாடியவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்னும் விவரங்களையும், மாறுபடும் வரிகளையும் அடிக்குறிப்பாகவேனும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அம்பாசமுத்திரம் வட்டம்.