குழி சும்மா கிடக்குதேடா

பேராவூரணி

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. ரிட்டயர் ஆகிவிட்டது, இனி என்ன இருக்கிறது, நாளை எண்ணிக்கொண்டு உட்கார வேண்டியதுதான் என்று எழுதியிருக்கிறாய். சிரிப்பு வந்தது, கோபித்துக்கொள்ளாதே. கஜா புயல் அடித்த வருஷம் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

2018 நவம்பர் 16 விடிந்தபோது எங்கள் தென்னந்தோப்பு இருந்த கோலத்தை நீ பார்க்கவில்லை. எனக்கு ஒரு ஏக்கர், சித்தப்பாவுக்கு ஒரு ஏக்கர், நடுவில் வாய்க்கால். ஆளுக்கு எழுபது மரம். இரண்டு பக்கமும் ஏழெட்டுதான் மிச்சம். விழுந்த மரத்துக்கு 1,100 ரூபாய் நிவாரணம், அதிலும் இருவருக்கும் ஒரே கணக்கு.

தென்னை காய்க்க ஆறேழு வருஷமாகுமே, அதுவரை யார் காத்துக் கிடப்பது என்று நான் மரம் விழுந்த குழியை மூடி உளுந்து தெளித்தேன். சித்தப்பாவுக்கு அப்போது 71. 25 அடிக்கு ஒன்றாகக் குழி வெட்டி, அடியில் உப்புப் போட்டு, நெட்டை ரகக் கன்றாகவே வைத்தார். குட்டை ரகம் என்றால் மூன்று நாலு வருஷத்தில் காய்த்துவிடும், அதுவும் வேண்டாமாம். யாருக்காக இதெல்லாம் என்று கேட்டேன். "குழி சும்மா கிடக்குதேடா" என்றார்.

எல்லாம் தழைத்தது என்று நினைக்காதே. பதினோரு கன்றை வண்டு தின்றது. காலையில் கம்பியோடு போவார். கண் சரியாகத் தெரியாததால் பேரன் டார்ச் அடிக்க, குருத்து ஓட்டைக்குள் கம்பியை விட்டு வண்டைக் குத்தி இழுப்பார். பட்டுப்போன இடத்தில் மறுபடி கன்று. நல்லதையே நினை என்று மேடையில் பேசுகிறார்களே, அந்தப் பேச்சு ஒருநாளும் அவர் வாயில் வந்ததில்லை. தேங்காய் விலை விழுந்தால் காது கூசத் திட்டுவார்.

போன வாரம் வாய்க்காலைத் தாண்டிப் போனேன். பாளைக்குப் பாளை குரும்பை. சில மரத்தில் இளநீர் பருவமே வந்துவிட்டது. ஒன்றைச் சீவி என் கையில் கொடுத்தார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அப்புறம், நானும் முப்பது கன்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். குட்டைதான். சித்தப்பா அளவுக்குப் பொறுமைக்கு நான் எங்கே போவது? குழி வெட்ட ஆள் கிடைக்கவில்லை. வரும்போது பழைய வேட்டி ஒன்று எடுத்து வா.

உன்
மாப்ளை