ரொட்டித் தொழில் படிக்கவும் உபகாரச் சம்பளம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிவு வந்ததும் மருத்துவம், பொறியியலுக்கான உபகாரச் சம்பளம் பற்றித்தான் பேசுகிறோம். எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் பேக்கரித் தொழில் படிக்க ஆசைப்படுகிறாள். உதவி கேட்டால், "சமையல்தானே, இதற்கு எதற்குப் படிப்பு?" என்கிறார்கள்.

பினாங்கில் ரொட்டி பெங்காலியைச் சுட்டு, தெருத்தெருவாக விற்றவர்களில் நம்மவர்கள் எத்தனை பேர்! இன்று அது அளவும் கணக்கும் தெரிந்து செய்யும் வேலை. தண்ணீர் 60 பாகை செல்சியஸ் சூடானால் ஈஸ்ட் செத்துவிடும், மாவு எழும்பாது.

மலேசியத் திறன் சான்றிதழ் படிப்புக்கு அரசின் திறன் மேம்பாட்டு நிதிக் கழகமான பி.டி.பி.கே.யின் கடன் கிடைக்கிறது, சரி. ஆனால் அதைத் திருப்பிக் கட்டியாக வேண்டும். ஆண்டுதோறும் கல்விநிதி வழங்கும் நம் ஆலயங்களும் வர்த்தகச் சங்கங்களும் அதில் ஓரிரு இடங்களையாவது இந்தப் பிள்ளைகளுக்கு ஒதுக்கட்டும். கட்டணத்தோடு சீருடை, பஸ் செலவையும் சேர்த்துக் கொடுங்கள்.

வாசகி, பட்டர்வொர்த், பினாங்கு