ஃபாஸ்டர் கதையைச் சொல்லத் துணைநின்றவர்களுக்கு நன்றி

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

போன சனிக்கிழமை அமெரிக்காவின் டலஹாசி நகரில் நம் தமிழ்க் குடும்பங்கள் கூடியபோது, வில்லியம் பி. ஃபாஸ்டரைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினேன். இதே ஊரில் கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட ஃபுளோரிடா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின், அணிவகுத்து நடந்தபடியே வாசிக்கும் 'மார்ச்சிங் 100' பேண்டை 1946 முதல் 1998 வரை நடத்தியவர் அவர். பதினோரு வருஷமாக இங்கே குடியிருக்கிறேன். இலையுதிர் காலத்துச் சாயங்காலங்களில் பல்கலைக்கழகம் இருக்கும் மேட்டிலிருந்து அந்த டிரம் சத்தம் எங்கள் வீட்டு வாசல் வரை வரும். அதை உருவாக்கிய மனிதர் யார் என்று போன வருஷம்தான் தெரிந்துகொண்டேன். நான் பேசியதில் பாதிக்கு மேல் பிறர் கொடுத்தது. அதைச் சொல்லாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

பழைய கார்னகி நூலகக் கட்டடத்தில் இயங்கும் மீக்-ஈட்டன் கறுப்பின ஆவணக் காப்பகத்து ஊழியர்களுக்கு முதல் வணக்கம். என்ன கேட்பதென்றே தெரியாமல் போய் நின்றவளை உட்கார வைத்து, எங்கே தொடங்க வேண்டும் என்று காட்டினீர்கள்.

அடுத்து, என் மகளுக்குக் கிளாரிநெட் சொல்லிக்கொடுத்த, ஓய்வுபெற்ற பள்ளி பேண்ட் வாத்தியார். அவர் ஃபாஸ்டரிடமே படித்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுச் சமையலறையில் காபி டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு எழுந்து நின்றார். வலது முழங்காலை மெதுவாகத் தூக்கினார். தொடை தரைக்கு இணையாக வந்ததும் அப்படியே நிறுத்தினார். பாதத்தின் நுனி தரையைப் பார்த்து நேராக இறங்கியிருந்தது. எழுபது வயதைத் தாண்டியவர். அந்த நிலையில் அவர் தோள் ஒரு துளிகூட அசையவில்லை. "இடுப்புக்குக் கீழேதான் நடனம், மேலே இசை" என்றார். ஐந்து கெஜத்தை எட்டுக் காலடிகளில் கடக்க வேண்டும், காலடிக்கு இருபத்திரண்டரை அங்குலம். மைதானத்தில் அவரவர் நிற்க வேண்டிய இடத்தைக் காட்ட, கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு புள்ளி. அதை எனக்குப் புரிய வைக்க அவருக்கு இரண்டு மணி நேரம் ஆனது.

ஃபாஸ்டரின் இளமைக் காலத்தைச் சொல்லும்போது வாத்தியார் ஐயாவின் குரல் தாழ்ந்துவிட்டது. 1919இல் கான்சஸ் மாநிலத்துக் கான்சஸ் சிட்டியில் பிறந்து, பன்னிரண்டு வயதில் கிளாரிநெட்டைக் கையில் எடுத்த பையன். கான்சஸ் பல்கலைக்கழகத்தில் இசைக் கல்வி படித்தான். அங்கே பேண்டில் வெள்ளையருக்கு மட்டுமே இடம், அவனுக்கு இல்லை. இசைக்குழு நடத்துநராக வேண்டும் என்று சொன்னபோது, கறுப்பருக்கு அந்த வேலை எங்கும் கிடையாது என்று டீனே முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். 1941இல் பட்டம் வாங்கினான். நாட்டின் எந்த வெள்ளையர் பேண்டுக்கும் சமமாக, முடிந்தால் மேலாக, ஒரு கறுப்பர் பேண்டை வளர்த்துக் காட்டுவேன் என்பது அந்த நாட்களில் எடுத்த முடிவு.

அதை அவர் செய்தும் காட்டினார். 1955இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். 1968இல் பேண்ட் அணிவகுப்பு பற்றி ஒரு முழு நூல். 1985இல் கல்லூரி அணிவகுப்பு பேண்டுகளுக்கான சட்லர் விருது. 1989 ஜூலை 14 அன்று, பிரெஞ்சுப் புரட்சியின் இருநூறாவது ஆண்டு விழாவில், அமெரிக்காவின் சார்பில் பாரிஸ் வீதியில் நடந்தது அவருடைய பிள்ளைகளின் பேண்ட். எனக்கோ இதையெல்லாம்விட, அவரிடம் படித்தவர்கள் பள்ளி பள்ளியாக வாத்தியார்களாகப் போய்ச் சேர்ந்ததுதான் பெரிதாகத் தெரிகிறது. என் மகள் ஊதும் கிளாரிநெட்டுக்கும் அந்த வழியில்தான் ஒரு துளி வந்திருக்கிறது.

திருவாரூர்ப் பக்கத்திலிருந்து போனில் கைகொடுத்த என் தாய்மாமாவையும் சொல்லியாக வேண்டும். பேண்ட் என்றாலே நம்மவர்களுக்குக் கல்யாண ஊர்வலம்தான் கண்ணில் நிற்கும், இதை எப்படி விளக்குவது என்று திணறிக்கொண்டிருந்தேன். சுவாமி புறப்பாட்டில் நடந்துகொண்டே கிளாரிநெட் வாசித்தவர் அவர். "காலு ஒரு பக்கம் போகும், மூச்சு கலையக் கூடாதும்மா. அந்தக் கஷ்டத்தச் சொல்லு, எல்லாருக்கும் புரிஞ்சிரும்" என்றார். அங்கிருந்துதான் பேச்சைத் தொடங்கினேன். கூடத்தில் பேச்சுச் சத்தம் அடங்கியது அந்த இடத்தில்தான்.

நாற்காலி போட்டவர்கள், ஒலிபெருக்கி கொண்டுவந்த தம்பி, சுண்டல் செய்துகொண்டு வந்த அக்கா, குழந்தைகளை வெளியே விளையாட வைத்துப் பார்த்துக்கொண்ட கல்லூரிப் பிள்ளைகள் எல்லோருக்கும் என் நன்றி.

ஃபாஸ்டர் 2010 ஆகஸ்டில், தொண்ணூற்றொரு வயதில் காலமானார். அவருக்கு நேரில் நன்றி சொல்லும் பேறு எனக்கு வாய்க்கவில்லை.

வாத்தியார் ஐயா, நீங்கள் நம்பிக் கொடுத்த அந்தக் கட்டத்தாள் பத்திரமாக இருக்கிறது. மடிப்பு விட்டுப்போகும் போலிருந்ததால் ஒரு அட்டைக்குள் வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை மகளோடு வந்து உங்கள் கையில் கொடுக்கிறேன். அவள் கிளாரிநெட்டையும் எடுத்து வருவாள்.