வவுனிக்குளத்து ஊரவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்பான ஊரவர்களே,

32 வருட வெளிநாட்டுத் தூதரகச் சேவை முடிந்து வந்தவளுக்குப் போன ஞாயிறு பொதுநோக்கு மண்டபத்தில் மாலை போட்டீர்கள். ஒலிவாங்கியைத் தந்ததும் தொண்டை அடைத்துவிட்டது. நாடு நாடாகப் போய்ப் பேசின வாய்தான், என்ன செய்ய! அன்று சொல்லாமல் விட்டதை எழுதுகிறேன்.

முதல் நன்றி, என்னைச் சிறுபோக நெல் விதைப்புக் கூட்டத்துக்குக் குறிப்பெழுத வைத்த கமக்காரர் அமைப்புத் தலைவர் ஐயாவுக்கு. எனக்கு அப்போது 14 வயது. கையெழுத்து வடிவு என்பதுதான் தகுதி. குளத்தில் எத்தனை அடி தண்ணீர், எத்தனை ஏக்கர் விதைக்கலாம், முதல் தண்ணீர் எந்த வாய்க்காலுக்கு என்று விடியும்வரை சண்டை நடக்கும். கடைக்கோடி வயல்காரர் "சரி" என்று சொல்லும்வரை ஐயா என்னை முடிவை எழுத விடமாட்டார். பிறகு ஒப்பந்த வாசகம் எழுதும் மேசைகளில் இருந்தபோதும், எந்தச் சின்ன நாடு இன்னும் "சரி" சொல்லவில்லை என்றுதான் என் கண் தேடும்.

1997 இல் டான்யூப் ஆற்று அணைத் திட்டம் பற்றிய ஹங்கேரி - ஸ்லோவாக்கியா வழக்கில் ஹேக் சர்வதேச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எங்கள் நாட்டு நீதியரசர் வீரமந்திரி தனியாக ஓர் அபிப்பிராயம் எழுதினார். வளர்ச்சியும் இயற்கையும் சேர்ந்து போகவேண்டும் என்பதற்கு அவர் காட்டிய சாட்சிகளில் இலங்கையின் பழைய குளங்களும் உண்டு. மழைநீர் பயன்படாமல் கடலுக்குப் போகக்கூடாது என்ற பராக்கிரமபாகுவின் சொல்லையும் எடுத்துப் போட்டிருந்தார். இளநிலை அதிகாரியாக அதை வாசித்தபோது எனக்கு எங்கள் குளத்துக்கு வரும் பாலியாறும் தண்ணீர் திறக்கும் துருசும்தான் தெரிந்தன.

பெரியம்மாவுக்கும் நன்றி. தூதரகப் பையைத் திறக்கக்கூடாது என்கிறது 1961 வியன்னா ஒப்பந்தத்தின் 27 ஆம் உறுப்புரை. அவர் கட்டித்தந்த ஒடியல் (காய்ந்த பனங்கிழங்கு) பையோ சோதனைச் சாவடிகளில் மூன்று தரம் கொட்டப்பட்டது. அதற்கு எந்த உறுப்புரையும் உதவவில்லை.

இங்கிலிஷ் மாஸ்டர், அகராதியை இன்னும் திருப்பித் தரவில்லை, மன்னியுங்கள். முகமாலையில் கண்ணிவெடி அகற்றிய தங்கைமாரே, 2017 இல் இலங்கை கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தபோது உங்களைத்தான் நினைத்தேன்.

அந்தக் கூட்டக் குறிப்புக் கொப்பி இடம்பெயர்வில் தப்பி யாரிடமாவது இருந்தால், ஒருதரம் பார்க்கத் தாருங்கள். வருகிற சிறுபோகக் கூட்டத்துக்கு எழுத ஆள் தேவையென்றால் சொல்லுங்கள், சும்மாதான் இருக்கிறேன்.

உங்கள் பிள்ளை