அந்த டெமோவுக்கு ஏன் அவ்வளவு கோபம்?

அன்புள்ள செந்தில்,

உன் கடிதம் கிடைத்தது. பையன் சுப்ரீம் கமாண்டர் 2 என்ற கணினிப் போர் ஆட்டத்தை விளையாடுகிறான், நீயும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறாய் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். "நல்லாத்தானே இருக்கு, டெமோ வந்தப்ப நாம எல்லாரும் ஏன் அப்படிக் குதிச்சோம்?" என்று கேட்டிருந்தாய், வாங்கும் முன் ஆடிப் பார்க்க அவர்கள் விட்ட அந்த முன்னோட்டப் பதிப்பைப் பற்றி. அதற்கு ரெண்டு வரியில் பதில் சொல்ல எனக்கு மனமில்லை.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாசல் வரை தானாக நடக்கிறாள். குறுவைக்கு மெஷின் நடவுதான், ஆள் கிடைப்பதில்லை. தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்துவிட்டது. தம்பி நிலம் இன்னும் கீழே இருப்பதால் அவன் மட்டும் காத்திருக்கிறான்.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன். அந்தக் கோபம் நியாயமானது என்றுதான் அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். ஆனால் பலரும் அதற்குச் சொன்ன காரணத்தை நான் ஒத்துக்கொள்ளவில்லை. "சுலபமாக்கிக் கெடுத்துட்டாங்க" என்பதுதான் எல்லோர் வாயிலும் இருந்தது. முதல் ஆட்டத்தை நினைத்துப் பார். 2007 பிப்ரவரியில் வந்தது. டோட்டல் அனிஹிலேஷன் என்று 1997இல் ஓர் ஆட்டம் செய்த அதே கிறிஸ் டெய்லர், கேஸ் பவர்டு கேம்ஸ் என்ற தன் நிறுவனத்தில் செய்தது. அதில் நாம் வாயைப் பிளந்து பார்த்ததெல்லாம் வேலையைச் சுலபமாக்கிய விஷயங்கள்தானே? மவுஸ் சக்கரத்தை உருட்டினால் ஒற்றை டாங்கியிலிருந்து மொத்த மேப்பும் ஒரே திரைக்கு வந்துவிடும், படைகளெல்லாம் சின்னச் சின்னக் குறிகளாக மாறிவிடும். ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு பத்து வேலையை வரிசையாகச் சொல்லிவிட்டு வேறு பக்கம் போகலாம். விமானத்துக்கு ஒரு வழியைக் காட்டிவிட்டால் படைகளை ஏற்றி இறக்கி அதுவே நடத்தும். எண்பத்தோரு கிலோமீட்டர் நீளமும் அகலமும் உள்ள மேப்பை ஒரு மனிதன் சமாளிக்க முடிந்ததே இதனால்தான். கைக்கு இருந்த வேலையைக் குறைத்தார்கள், யோசிக்கிற வேலையை நமக்கே விட்டார்கள். இதற்கு யாரும் கோபப்படவில்லையே.

அந்த யோசனை முக்கால்வாசியும் மாஸ் (கட்டுமானப் பொருள்), எனர்ஜி (மின்சக்தி) என்ற இரண்டு வரவுகளைச் சுற்றித்தான். ஒரு தொழிற்சாலை கட்ட வேண்டுமென்றால் விலையை முன்னாலேயே மொத்தமாக வைக்க வேண்டாம். வேலையைத் தொடங்கிவிடலாம். அது முடிகிற வரை விநாடிக்கு இவ்வளவு என்று உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வரவைவிட உறிஞ்சுவது அதிகமாகி, கையிருப்பும் தீர்ந்தால், எதுவும் நின்றுபோகாது. எல்லாமே சேர்ந்து மெதுவாகும். எனர்ஜி குறைந்தாலோ கவசங்கள் விழும், ரேடார் குருடாகும். எதிரி அந்த நேரத்தில் வந்தால் கதை முடிந்தது.

மன்னார்குடியில் வளர்ந்த நமக்கு இதை யாரும் பாடம் நடத்தத் தேவையிருக்கவில்லை. ஜூன் 12 மேட்டூரைத் திறந்தால் தண்ணீர் கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிகிறது. அப்புறம் ஆறு ஆறாக, வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்துகொண்டே போகிறது. தலைமாட்டில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே நாளில் மடையைத் திறந்து நாற்றங்காலுக்கு விட்டால், வேதாரண்யம் பக்கம் கடைமடைக்காரனுக்கு மண் நனைகிற அளவுகூட வராது. அதனால்தான் முறை வைக்கிறோம். இந்த வாரம் இந்த ஆறு, அடுத்த வாரம் அந்த ஆறு. யாருக்கு முதலில், யாருக்கு அப்புறம் என்பதில்தான் மொத்த சாகுபடியும் நிற்கிறது. சுப்ரீம் கமாண்டரில் அந்த முறையை வைக்கிறவன் நீ. இந்தத் தொழிற்சாலையை நிறுத்து, மின் நிலையம் முதலில் முடியட்டும், அப்புறம் பீரங்கி என்று விநாடிக்கு விநாடி முடிவெடுக்க வேண்டும். பெரியகடைத் தெருவுக்குப் பின்னால் இருந்த அந்த பிரவுசிங் சென்டரில், உன் மின் நிலையங்கள் மேலே நான் குண்டு போட்டதும் உன் மொத்தப் படையும் ஊர்ந்தது ஞாபகம் இருக்கிறதா? ஓரிடத்தில் அடித்தால் எல்லா இடமும் வலிக்கும். அந்த ஆட்டத்தின் அழகே அதுதான்.

இரண்டாம் பாகம் 2010 மார்ச்சில் வந்தது. டெமோ அதற்குக் கொஞ்சம் முன்னால். ராத்திரி முழுக்க இறங்க விட்டு, காலையில் சென்டர் அண்ணன் கதவைத் திறக்கும் முன்பே போய் நின்றோம். தொடங்கியதும் என்ன பார்த்தோம்? கையில் முழு விலையும் இருந்தால்தான் தொழிற்சாலை வேலையையே தொடங்கும். இல்லையென்றால் முடியாது என்று மறுத்துவிடும். அவ்வளவுதான், அந்த ஓட்டம் போயே போய்விட்டது. மின் நிலையத்தைத் தொழிற்சாலையோடு ஒட்டிக் கட்டினால் செலவு குறையும் என்ற கணக்கும் போய்விட்டது. மூன்று படிகளாக ஏறிய தொழில்நுட்பத்துக்குப் பதிலாக, புள்ளிகளைப் போட்டு ஒவ்வொரு திறனாகத் திறக்கும் ஓர் ஆராய்ச்சி மரம் வந்தது. செராஃபிம் என்ற வேற்றுக்கிரகப் படை இல்லை, மேப்புகளும் சுருங்கிவிட்டன. இதில் பாதியை நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். மேப் சிறிதானால் என்ன? சின்ன மேப்பிலும் நல்ல சண்டை உண்டு. முன்னாலேயே பணம் கட்டுவதை மட்டும்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. மற்றவையெல்லாம் அதன்மேல் கட்டியவை.

அந்த டெமோ வேறு விதத்திலும் அநியாயம் செய்தது. கதைப் பகுதியின் தொடக்கத்தை மட்டும்தான் கொடுத்தார்கள். அங்கே படைகளும் திறன்களும் ஒவ்வொன்றாகத்தான் திறக்கும். புதிய ஆட்டத்தில் யோசிக்க வைத்த இடமே ஆராய்ச்சி மரம்தான். தரைப்படைக்குப் புள்ளிகளைப் போடுவதா, வான்படைக்கா, இல்லை நம்மைக் களத்தில் குறிக்கும் கமாண்டர் இயந்திரத்தையே பலப்படுத்துவதா என்ற இழுபறி நன்றாகவே இருந்தது. முழு ஆட்டத்தில், அதுவும் மனிதர்களோடு மோதும்போதுதான் அது புரிந்தது. எக்ஸ்பெரிமென்டல் என்ற ராட்சதப் போர் இயந்திரத்தை முழுசாக முடிக்காமல் பாதியிலேயே களத்தில் இறக்கிவிடலாம் என்று வைத்திருந்தார்களே, துணிச்சலான யோசனை அது, எனக்கு ரொம்பப் பிடித்தது. இதையெல்லாம் காட்டாமல், நீக்கியதை மட்டும் காட்டுகிற மாதிரி ஒரு டெமோ. பழைய ஆட்டக்காரர்கள் பாதிப் பேர் அதோடு மூட்டை கட்டிவிட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். முதல் ஆட்டம் கணினியைப் பிழிந்தெடுக்கும். கடைசிக் கட்டத்தில் நூற்றுக்கணக்கான படைகள் மோதும்போது ஒருத்தன் கணினி திணறினால் போதும், அவனோடு விளையாடும் எல்லோருக்கும் ஆட்டம் இழுக்கும். இரண்டாம் பாகம் சாதாரண கணினியிலும் வழுக்கிக்கொண்டு ஓடியது. சென்டர் மூலையில் இருந்த பழைய கணினிக்கு வருகிற பையன்கள் முதல் தடவையாக ஓர் ஆட்டத்தை முழுசாக முடித்தார்கள். அவர்கள் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவர்களைப் பார்த்து "இது சின்னப் பிள்ளைங்க ஆட்டம்" என்று நம் கூட்டத்தில் சிலர் பேசியது எனக்குப் பிடிக்கவே இல்லை. பழையதை நீக்கியவர்கள்மேல் கோபப்படலாம், ரசித்து விளையாடுகிறவனை ஏன் தாழ்த்த வேண்டும்? உன் பையனிடமும் தயவுசெய்து அப்படி எதுவும் சொல்லிவிடாதே.

கோபம் நியாயமென்று நான் சொல்வதற்குப் பின்னால் நடந்தவையும் காரணம். கேஸ் பவர்டு கேம்ஸை 2013இல் வார்கேமிங் என்ற ஆட்ட நிறுவனம் வாங்கியது. மூன்றாம் பாகம் வரவேயில்லை. ஆனால் முதல் ஆட்டத்தின் ஃபோர்ஜ்டு அலையன்ஸ் பதிப்பை ரசிகர்களே ஃபாஃப் (ஃபோர்ஜ்டு அலையன்ஸ் ஃபாரெவர்) என்ற பெயரில் சர்வர் நடத்தி, திருத்தி, இன்றுவரை உயிரோடு வைத்திருக்கிறார்கள். பிளானட்டரி அனிஹிலேஷன் என்று ஓர் ஆட்டத்துக்கு 2012இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் மக்கள் இருபது லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். பியாண்ட் ஆல் ரீசன் என்று தன்னார்வலர்கள் செய்யும் இலவச ஆட்டம் ஒன்றும் இருக்கிறது. மூன்றிலும் அதே ஓடுகிற வரவு செலவுதான். யாருக்கு எது குறையாக இருந்தது என்பதை அவர்கள் திரும்பக் கட்டியதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

பையனை இரண்டாம் பாகத்தை ஆசை தீர விளையாட விடு, அவசரப்படுத்தாதே. அப்புறம் பியாண்ட் ஆல் ரீசனைப் போட்டுக் கொடு, செலவில்லை. பிடித்துவிட்டால் ஃபோர்ஜ்டு அலையன்ஸை ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கலாம், ஃபாஃப்பில் சேர அது வேண்டும். முதல் நாள் ஒன்றே ஒன்றைச் சொல்லிக் கொடு: மேலே ஓடும் வரவையும் செலவையும் பார்த்துக்கொண்டே கட்டு என்று. மீதியை அவனே கண்டுபிடிப்பான்.

பொங்கலுக்கு வரும்போது லேப்டாப்பை மறக்காமல் எடுத்து வா. தம்பி ரௌட்டர் போட்டிருக்கிறான், மாடியிலும் சிக்னல் வருகிறது. அவனும் நானும் ஒரு பக்கம், நீயும் பையனும் ஒரு பக்கம். எந்த மேப் என்று பையனையே முடிவு பண்ணச் சொல்.

அன்புடன்,
ரவி
மன்னார்குடி