எங்கள் மகளின் இதயத்துக்குக் காது கொடுத்தவர்களுக்கு

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஊழியர்களுக்கும் வணக்கம்.

எங்கள் ஆறு வயது மகள் இதயச் சிகிச்சை முடிந்து, சென்ற திங்கட்கிழமை மீண்டும் பள்ளிக்குப் போனாள்.

முதல் நன்றி, பள்ளிக்குப் பரிசோதனைக்கு வந்த அரசு மருத்துவக் குழுவின் பெண் மருத்துவருக்கு உரியது. அத்தனை பிள்ளைகள் வரிசையில் காத்திருக்க, அவர் ஸ்டெதாஸ்கோப்பை மகளின் மார்பில் சற்றுக் கீழே நகர்த்தி வைத்து, கண்ணை மூடி மறுபடியும் கேட்டார் என்று வகுப்பாசிரியை சொன்னார். அவள் இதயத்தில் இடைவிடாமல் ஒலித்த இரைச்சலை அவர் பொருட்படுத்தாது விட்டிருந்தால், ஓடும்போது அவளுக்கு மூச்சு வாங்கியதைச் சோர்வு என்றே நாங்களும் எண்ணியிருப்போம்.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எக்கோ என்னும் இதய ஸ்கேன் எடுத்த சகோதரி, குளிர்ந்த ஜெல்லைத் தம் உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றிய பின்னரே தடவினார். இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் வலது கரோனரி தமனி பருத்து, வலது கீழறைக்குள் நேராகத் திறப்பது அங்கேதான் தெரிந்தது. உறவினர் யாவரும் "இதயத்தில் ஓட்டை" என்று கலங்கியபோது, இது ஓட்டையன்று, ஃபிஸ்டுலா, அதாவது தமனிக்கும் இதய அறைக்கும் இடையே இருக்கக் கூடாத இணைப்பு என்று இதய மருத்துவர் பொறுமையாக விளக்கினார். நாங்கள் உழவர்கள் என்று அறிந்ததும், "வாய்க்கால் கரையில் நண்டு வளை விழுந்தால் தண்ணீர் பள்ளத்தில் இறங்கிக் கடைமடை காயும் அல்லவா, அதுபோல இதயத் தசைக்குப் போக வேண்டிய இரத்தம் அழுத்தம் குறைந்த அறைக்குள் இறங்கிவிடுகிறது" என்றார். அந்தச் சொற்களுக்குப் பிறகே என் மனைவி அன்று சாப்பிட்டாள்.

1947இல் சுவீடனில் கிராஃபோர்ட் என்பவர், வேறொரு பிறவிக் கோளாறு என்று கருதி மார்பைத் திறந்தபோதுதான் இத்தகைய இணைப்பு முதன்முதலாக அறுவையில் மூடப்பட்டதாம். எங்கள் மகளுக்கோ மார்பைத் திறக்காமல், தொடை வழியாகக் கதீட்டர் என்னும் மெல்லிய குழாயைச் செலுத்தியே அடைப்பானைப் பொருத்தினீர்கள்.

ரேஷன் அட்டையிலும் ஆதாரிலும் பெயர் வேறுபட்டிருந்ததைத் தாமே அலைந்து சரிசெய்து, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அனுமதி பெற்றுத் தந்த ஊழியருக்கும், அன்றிரவு அவள் காலை மடக்கிவிடாதபடி முழங்காலில் கை வைத்துக் கதை சொல்லிக்கொண்டே அமர்ந்திருந்த செவிலியருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

பருத்த தமனியில் இரத்தம் உறையாதிருக்க நீங்கள் எழுதித் தந்த ஆஸ்பிரினைத் தவறாமல் கொடுத்து வருகிறோம். மறு எக்கோவுக்கு வரும்போது, கைச்சூட்டில் ஜெல் தடவிய அக்காவே இருக்க வேண்டும் என்று மகள் இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

நெஞ்சார்ந்த நன்றியுடன்,
சிறுமியின் தந்தை